ரோமியோ – ஜூலியட் நாடகத்தில் விளியும் முன்னிலையும்: பாத்திரப் படைப்பு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

1. முன்னுரை

ஷேக்ஸ்பியரின் ரோமியோ – ஜூலியட் நாடகத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு வினாவையே சுற்றி வருவது வழக்கம். காதலர் இருவரும் மாய்ந்தது விதியின் செயலா, குடிப்பகையின் விளைவா, அவர்தம் விரைவின் பயனா என்பதே அவ்வினா. எந்த விடையைத் தேர்ந்தாலும் நாடகத்தில் வரும் மாந்தர் அவ்விடைக்குரிய எடுத்துக்காட்டுகளாகச் சுருங்கிவிடுகின்றனர். செவிலி நகைப்புக்குரியவள், கபுலெட் முன்கோபி, டிபால்ட் பகைவெறியன், பாரிஸ் பாவம் அறியாதவன் என்று ஒற்றை அடைமொழிகளால் அவர்களை அடையாளம் காட்டுவது எளிதாகிறது. ஆனால் நாடகத்தில் பாத்திரம் என்பது ஆசிரியர் கூற்றால் அமைவதன்று. ஒருவர் மற்றொருவரை நோக்கிப் பேசும் பேச்சில் அது உருவாகிறது. ஆகவே யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர், எம்முன்னிலைப் பெயரால் சுட்டுகின்றனர், அச்சுட்டு எவ்விடத்தில் மாறுகிறது என்று காண்பது பாத்திர ஆய்வுக்கு உறுதியான அடிப்படையாகும்.

இந்நாடகத்திற்கு இவ்வாய்வு பொருந்துவதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதையே ஷேக்ஸ்பியருக்கு முதன்மையான மூலம். புரூக்கின் கதை பல மாதங்கள் நிகழ்கிறது. ஷேக்ஸ்பியர் அதனை ஒரு ஞாயிறு தொடங்கி வியாழன் விடியல் வரையுள்ள சில நாள்களுக்குள் அடக்கினார். புரூக்கிடம் பதினாறு வயதினளான ஜூலியட் இங்குப் பதினான்கு நிரம்பாதவள். காலம் இவ்வளவு குறுகியபோது உறவுகள் பகைக்கும், பகைமை உறவுக்கும், நம்பிக்கை ஏமாற்றத்துக்கும் மிக விரைந்து மாற வேண்டியிருக்கிறது. அம்மாற்றங்களை விளக்கிக் கூற நாடகத்தில் இடமில்லை. பல இடங்களில் அவற்றை அறிவிக்கும் பொறுப்பு ஒரு முன்னிலைப் பெயரின் மீதோ ஓர் உறவுச்சொல்லின் மீதோ விழுகிறது. அச்சொல்லைத் தமிழில் எவ்வாறு பெயர்க்கிறோம் என்பது நடை பற்றிய சிறு சிக்கல் அன்று. பாத்திரம் நிற்பதும் சரிவதும் அதனைப் பொறுத்ததே என்பதை இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

2. இரு மொழிகளில் முன்னிலை

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் ஒருவரைச் சுட்ட 'தௌ', 'யூ' என இரு முன்னிலைப் பெயர்கள் வழங்கின. 'யூ' தொடக்கத்தில் பன்மைக்குரியது. பின்னர் மரியாதை ஒருமையாயிற்று. தமிழிலும் இத்தகைய வளர்ச்சியைக் காண்கிறோம். பன்மைக்குரிய 'நீர்' மரியாதை ஒருமையாகி, அதன் இடத்தை நாளடைவில் 'நீங்கள்' கைக்கொண்டது. ஆங்கிலப் பொது வழக்கில் 'தௌ' மறைந்துவிட்டமையால், இன்று இந்நாடகத்தை மூலத்தில் படிக்கும் ஆங்கிலேயருக்கு அவ்வேறுபாடு பழமையின் மணமாக மட்டுமே தோன்றக்கூடும். தமிழிலோ அவ்வேறுபாடு நாள்தோறும் வழங்கும் உயிருள்ள வேறுபாடு. மூலமொழி வாசகர் இழந்துவிட்ட ஒன்றைப் பெறுமொழி வாசகருக்கு மீட்டுத் தரும் வாய்ப்பு தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு உள்ளது.

ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வில், முன்னிலைப் பெயர்த் தேர்வை அதிகாரம், நெருக்கம் என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். மேலோர் கீழோரை ஒருமையில் சுட்டுவது அதிகாரத்தின் பாற்படும். நெருங்கியோர் தம்முள் ஒருமை வழங்குவது நெருக்கத்தின் பாற்படும். இதனால் ஒருமைச் சுட்டு இயல்பாகவே இருமுகம் உடையதாகிறது. இகழ்ச்சிக்கும் அதுவே, அன்புக்கும் அதுவே. தமிழின் 'நீ'யும் இத்தன்மையதே. தாயையும் கடவுளையும் சுட்டும் சொல்லே தெருச் சண்டையிலும் எழுகிறது.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, நாடகத்தில் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உட்பொருள் தேடுதல் ஆகாது. 'தௌ' வரும்போது வினைமுற்றின் ஈறும் மாறுகின்றமையால் யாப்பின் தேவை சில இடங்களில் தேர்வை முடிவு செய்திருக்கலாம். ஒரே பேச்சில் இரண்டும் காரணமின்றிக் கலந்து வருவதும் உண்டு. இரண்டாவது, தமிழ்க் குடும்பத்தில் முன்னிலை வழக்கு ஆண், பெண் வேறுபாட்டைச் சார்ந்தது. கணவன் மனைவியை 'நீ' என்பதும் மனைவி கணவனை 'நீங்கள்' என்பதும் நெடுநாள் வழக்கு. இவ்வழக்கை மூலத்தின் மீது ஏற்றினால் நேரும் கேட்டினை அடுத்துக் காண்போம்.

3. ஜூலியட்

கபுலெட் இல்லத்து விருந்தில் காதலர் முதன்முதல் பேசும் பதினான்கு அடிகள் ஒரு முழுச் சானெட்டாக அமைந்துள்ளமை அறிஞர் பலரும் எடுத்துக்காட்டிய செய்தி. ஒருவர் தொடங்கிய பாடலை மற்றவர் நிறைவு செய்வது அவர்தம் ஒத்த உள்ளத்துக்குச் சான்று என்பர். அப்பாடலுக்குள்ளேயே முன்னிலை வேறுபடுவது அதே அளவு நோக்கத்தக்கது. யாத்திரிகன் புனிதையை வேண்டும் பாவனையில் பேசும் ரோமியோ, இரப்பின் உச்சத்தில் 'தௌ'வுக்குச் செல்கிறான். ஜூலியட் 'யூ'விலேயே நிற்கிறாள். முத்தத்துக்குப் பின்னரும் அவள் கூறும் மறுமொழி 'யூ'வில்தான் அமைகிறது. வீட்டுக்கு வந்த அறியா விருந்தினனிடம் ஒரு குலமகள் காக்க வேண்டிய இடைவெளியை அவள் காக்கிறாள்.

அடுத்து மாடக்காட்சி. தன்னந்தனியே நிற்பதாக எண்ணி அவள் பேசுகிறாள். எதிரில் இல்லாத ரோமியோவை நோக்கிய அப்பேச்சு முழுவதும் 'தௌ'. உள்ளத்துள் அவள் எல்லையைக் கடந்துவிட்டாள் என்பதை அம்மாற்றமே அறிவிக்கிறது. கீழே சோலையில் மறைந்து நின்ற ரோமியோ அனைத்தையும் கேட்டுவிடுகிறான். அவன் குரல் கொடுத்து, அவள் அவனை இனங்கண்டு வினவும்போது, அவள் வாயில் வருவது 'தௌ'வே. விருந்தில் காத்த இடைவெளிக்கு அவளால் இனித் திரும்ப இயலாது. கேட்கப்பட்டுவிட்ட சொல்லை மீளப் பெறுவதற்கில்லை. சம்பிரதாயப் பேச்சுக்கு விடை கொடுத்துவிடுவதாக அவளே வெளிப்படையாகச் சொல்லும் இடம் இதற்கு அரண் செய்கிறது.

தமிழ் அகமரபில் 'சிறைப்புறம்' என்னும் துறை இதனோடு ஒப்பிடத்தக்கது. தலைவன் வேலிப்புறத்தே நிற்ப, தலைவியோ தோழியோ அவன் கேட்குமாறு பேசுவது அத்துறை. அங்குப் பேசுவோர் அவன் நிற்பதை அறிவர். அறியாதவர் போலப் பேசி வரைவு கடாவுவர். ஜூலியட் அறியாள். இவ்வேறுபாடே இக்காட்சியின் உயிர். அகமரபில் மறைமுகப் பேச்சு என்பது பெண்ணின் கையில் உள்ள கருவி. இங்கு அக்கருவி அவள் அறியாமலே அவளிடமிருந்து பறிபோகிறது. அதன் பின்னரும் அவள் நாணி ஒதுங்காது, திருமணம் பற்றிய பேச்சைத் தானே முதலில் எடுக்கிறாள். பதினான்கு நிரம்பாத பெண்ணை நாடகத்தின் வலிமை மிக்க பாத்திரமாக்குவது இச்செயலே.

ஜூலியட் இதன் பின்னர் ரோமியோவிடம் 'தௌ'விலேயே நிலைபெறுகிறாள். மணம் முடிந்து, விடியலில் அவனைப் பிரியும்போது தலைவன் என்றும் கணவன் என்றும் அழைக்கிறாள். அவ்விளிகளோடும் 'தௌ'வையே ஆள்கிறாள். சொற்பொருளில் அவனைத் தலைவனாக்கியும் இலக்கணத்தில் அவனோடு நிகராகவே நிற்கிறாள். தமிழ்க் குடும்ப வழக்கைப் பின்பற்றி இங்கு 'நீங்கள்' என்றோ 'தாங்கள்' என்றோ பெயர்ப்பின், மாடக்காட்சியில் அவள் கடந்த எல்லை மொழிபெயர்ப்பில் இல்லாததாகிவிடும். விருந்துக் காட்சியில் 'நீங்கள்', மாடக்காட்சி முதல் 'நீ' என்று அமைப்பதே மூலத்தின் பாத்திர வளர்ச்சிக்குப் பொருந்தும். பெண் ஆணை 'நீ' எனல் தமிழுக்கு ஒவ்வாது என்னும் தயக்கத்துக்கு இடமில்லை. சங்கப் பாடல்களில் தோழி தலைவனை 'நீ' என்கிறாள்; புலவர் வேந்தனை 'நீ' என்கின்றனர். அங்கெல்லாம் இழிவு தோன்றுவதில்லை.

மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் அவள் மொழித்திறன் மற்றொரு வடிவம் கொள்கிறது. ரோமியோவைக் கொல்ல ஆள் அனுப்புவதாகத் தாய் சொல்ல, ஜூலியட் இருபொருள்படப் பேசுகிறாள். தாய்க்கு வெறுப்பாகவும் தனக்கு அன்பாகவும் ஒரே தொடர் ஒலிக்கிறது. அதில் இறப்பைக் குறிக்கும் சொல் இரு தொடர்களுக்கு நடுவே நின்று, முன்னோடு சேரின் ரோமியோவையும் பின்னோடு சேரின் அவள் நெஞ்சையும் குறிக்கிறது. இது நம் இலக்கண நூலார் 'தாப்பிசைப் பொருள்கோள்' என்று வகுத்ததற்கு அணுக்கமானது. வினைமுற்று இறுதியில் நிற்கும் தமிழில் இவ்விருபொருளைக் காப்பது அரிது எனினும், எச்சத்தை நடுவில் நிறுத்தி இருபுறமும் இயையச் செய்யும் வழி நம் செய்யுள் மரபில் உண்டு. இதனை விடுத்து ஒரு பொருளை மட்டும் பெயர்த்தால் ஜூலியட் பொய்யுரைப்பவள் ஆவாள். மூலத்தில் அவள் தாயிடம் பொய்யே கூறவில்லை. உண்மையையே, தாய் தவறாகக் கேட்கும் வடிவில் கூறுகிறாள்.

4. செவிலி

நாடகத்தில் பெயரின்றித் தொழிலால் மட்டுமே சுட்டப்படும் இப்பாத்திரத்துக்குத் தமிழ்ச்சொல் யாது? தாதி, ஆயா, வளர்ப்புத்தாய், செவிலி எனப் பல உள. 'ஆயா' குடியேற்ற ஆட்சிக்கால வீட்டுப் பணியாளை நினைவூட்டும். 'செவிலி' இன்று மருத்துவமனைப் பணியாளரையும் குறிக்கும். எனினும் 'செவிலி' என்பதே தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்து. காரணம் சொல்லின் பழமை அன்று. அச்சொல்லோடு வரும் உறவமைப்பு.

தொல்காப்பியர் மரபில் தோழி என்பவள் செவிலியின் மகள். தலைவியும் தோழியும் ஒரே மார்பில் பாலுண்டு ஒருங்கு வளர்ந்தவர்கள். இந்நாடகத்தில் செவிலி முதன்முதல் நீண்டு பேசும் இடத்தில், ஜூலியட்டின் வயதைக் கணக்கிடும்போது தன் மகள் சூசனை நினைக்கிறாள். சூசன் ஜூலியட்டின் வயதினள்; இறந்துவிட்டாள். பழைய பதிப்புகளில் உரைநடையாக அச்சிடப்பட்ட அப்பேச்சு பால்மறக்கச் செய்த நாள், நிலநடுக்கம், இறந்த கணவனின் வேடிக்கைப் பேச்சு என்று வளைந்து செல்கிறது. கேட்போர் சிரிக்கின்றனர். இடையே வந்து மறையும் சூசனைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. தமிழ் அகமரபை அறிந்த வாசகருக்கு மட்டும் அங்கு ஒரு வெற்றிடம் தென்படும். தோழியாகியிருக்க வேண்டியவள் சூசன். அவள் இல்லாமையால் தூது செல்லல், குறியிடம் உணர்த்தல், காவல் நிற்றல் ஆகிய தோழியின் பணிகளையெல்லாம் செவிலியே மேற்கொள்கிறாள். ஒரு தலைமுறை மூத்தவள் இளையவளின் பணியைச் செய்கிறாள். அவள்தன் நகைப்புத்தன்மைக்கும் பின்னர் நேரும் வழுவுக்கும் வேர் ஒன்றே.

அவ்வழு நிகழும் இடம் நாடகத்தின் திருப்புமுனை. பாரிஸுடன் திருமணம் உறுதியாகிவிட்டது. தந்தை சினந்து சென்றுவிட்டான். தாய் கைவிட்டுச் சென்றுவிட்டாள். ஜூலியட் செவிலியிடம் ஆறுதல் வேண்டுகிறாள். அகமரபில் இது 'நொதுமலர் வரைவு' நேரும் நிலை. அப்போது தோழி அறத்தொடு நிற்பாள், களவை வெளிப்படுத்துவாள், செய்தி செவிலி வழி நற்றாய்க்கும், நற்றாய் வழி தந்தைக்கும் தமையர்க்கும் செல்லும். இங்கோ களவு மட்டும் அன்று, துறவி முன்னிலையில் மணமே நிறைவேறியுள்ளது. அதனை அறிந்தோர் காதலர், துறவி, ஏவலன், செவிலி ஆகிய சிலரே. அவருள் கபுலெட்டின் வீட்டுக்குள் வாய் திறக்கக் கூடியவள் செவிலி ஒருத்தி. அவள் வாய் திறக்கவில்லை. நாடுகடத்தப்பட்ட ரோமியோவை மறந்து பாரிஸை மணப்பதே நன்று என்கிறாள்.

இவ்வறிவுரை எம்முன்னிலையில் வருகிறது என்பது கருதத்தக்கது. ஜூலியட்டின் குழந்தைமையை நினைவுகூர்ந்தபோது செவிலி அவளைத் 'தௌ' என்றாள். இங்கு 'யூ' என்கிறாள். கூடவே 'மேடம்' என்னும் விளி. வளர்த்த தாய் பணிப்பெண்ணாகிவிடுகிறாள். கேட்பவள் தன் பால் குடித்த குழந்தை அல்லள், ஊதியம் தரும் வீட்டின் மகள். அவள் உள்ளத்தில் அச்சம் இருக்கலாம். கபுலெட் அவளையும் சற்று முன்னர் ஏசி அடக்கியிருக்கிறான். அறிவுரையின் கொடுமையை விட அம்மரியாதைச் சொல்லின் தொலைவே பொருள் நிறைந்தது. ஜூலியட் இப்போதும் அவளைத் 'தௌ' என்று வினவுகிறாள். செவிலி சென்ற பின், இனி அவளும் தன் நெஞ்சும் இருவேறு என்று தனக்குள் முடிவு செய்கிறாள். பிரிவை உள்ளத்தில் உணருமுன் அதனைச் செவிலியே இலக்கணத்தில் நிகழ்த்திவிட்டாள்.

தொடக்கம் முதல் செவிலியை 'நீ' என்றே பேசவைக்கும் மொழிபெயர்ப்பில் இத்திருப்பம் காணாமற் போகும். முதலில் 'நீ, கண்ணே' என்றவள் இங்கு 'நீங்கள், அம்மா' என்று கூறும்போதுதான் தமிழ் வாசகரின் நெஞ்சு திடுக்கிடும்.

5. பெற்றோரும் பாரிஸும்

கபுலெட் சீமாட்டி திருமணப் பேச்சைத் தொடங்கும்போது செவிலியை வெளியே போகச் சொல்லி, உடனே மீண்டும் அழைத்துக்கொள்கிறாள். தன் மகளோடு தனித்துப் பேச அவளால் இயலவில்லை. மகளை அவள் 'யூ' என்கிறாள். மகள் அவளை 'மேடம்' என்கிறாள். இவ்விருவர்க்கிடையே மரியாதை மட்டுமே உள்ளது. டிபால்ட் இறந்த பின்னர் அவள் மகளிடம் ஒருமைக்கு வருகிறாள். இறுதியாக ஜூலியட் காலைப் பிடித்து வேண்டும்போது, விருப்பம்போல் செய்துகொள், உன்னோடு எனக்கு இனித் தொடர்பில்லை என்னும் பொருளில் அவள் கூறிச் செல்வதும் ஒருமையில்தான். நெருக்கத்துக்குரிய சொல் கைவிடுதலுக்குப் பயன்படுகிறது.

கபுலெட்டின் நிலை இதற்கு எதிர்மறை. முதல் அங்கத்தில் பாரிஸிடம், மகள் மிக இளையவள், அவள் இசைவே முதன்மை என்று கூறியவன் அவன். மூன்றாம் அங்கத்தில் மகள் மறுத்ததும் ஏசுகிறான். ஏச்சு 'தௌ'வில் கொதிக்கிறது. ஆனால் தெருவில் இரந்து பட்டினி கிடந்து சாகவிடுவேன் என்னும் இறுதி எச்சரிக்கையில் அவன் 'யூ'வுக்குத் திரும்புகிறான். கொதிப்பில் இருந்த உறவு, தீர்ப்பில் இல்லை. சினந்த தந்தையைக் காட்டிலும் அமைந்த குடித்தலைவன் அஞ்சத்தக்கவன் என்பதை அம்மாற்றம் உணர்த்துகிறது.

பாரிஸ் கெட்டவன் அல்லன். எனினும் துறவியின் அறையில் ஜூலியட்டைச் சந்திக்கும்போது அவளை மனைவி என்றே விளிக்கிறான். 'யூ'வில் தொடங்கிய பேச்சு, அவள் கண்ணீர் படிந்த முகத்தைப் பற்றி வரும்போது 'தௌ'வாகிறது. அம்முகம் தனக்குரியது என்கிறான். ஜூலியட் அவனிடம் ஒருமுறையேனும் 'தௌ' வழங்கவில்லை. ஒருவர் ஒருமைக்கு இறங்கியும் மற்றவர் உடன் இறங்காதபோது அவ்வொருமை நெருக்கம் ஆகாது. உரிமை கொண்டாடலாகவே நிற்கும்.

6. டிபால்ட், மெர்குஷியோ

மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியில் ஒருமைச் சுட்டின் இருமுகமும் நேருக்கு நேர் மோதுகின்றன. டிபால்ட் ரோமியோவை இழிமகன் என்று அறைகூவுகிறான், 'தௌ' என்கிறான். 1597ஆம் ஆண்டுப் பதிப்பில் அவன் தன் வெறுப்பைக் கூறுகிறான். 1599ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே இடத்தில் 'அன்பு' என்னும் சொல் எள்ளலாக நிற்கிறது. சற்று முன்னர்தான் ஜூலியட்டை மணந்த ரோமியோ, டிபால்ட்டை நேசிக்கத் தனக்குக் காரணம் உண்டு என்கிறான். அவனும் 'தௌ' என்றே கூறுகிறான். இருவர் வாயிலும் ஒரே சொல். ஒன்றில் பகை, மற்றொன்றில் உறவு. ரோமியோ அக்காரணத்தை வெளியிட இயலாது. வெளியிடாதவரை அவன் 'தௌ' உறவுச்சொல் என்பதை அறிய எவர்க்கும் வழியில்லை. டிபால்ட் கோழையின் மழுப்பலாகக் கேட்கிறான். மெர்குஷியோ இழிவான பணிவாகக் கேட்டு வாளை உருவுகிறான். இரு கொலைகள் நிகழ்கின்றன. இந்நாடகத்தின் அழிவை விதி என்று மட்டும் சொல்லிவிட இயலாமைக்கு இக்காட்சி போதுமானது. ஒரு மறைபொருள், ஒரு முன்னிலைப் பெயரைப் பொருள்மயக்கம் உடையதாக்கியது, மயக்கம் வாளாயிற்று.

மொழிபெயர்ப்பாளர் இங்கு டிபால்ட்டுக்கு 'நீ'யும், பண்பாளனாகிய ரோமியோவுக்கு 'நீங்கள்' அல்லது 'நீர்' என்பதும் தரத் தூண்டப்படலாம். அவ்வாறு செய்யின் பணிவு உண்மையாகவே பணிவாகிவிடும். மெர்குஷியோ கேட்டது சரி என்றாகும். இருவருக்கும் 'நீ' தருவதே பொருந்தும்.

மெர்குஷியோ இரு குடியையும் சேராதவன், ஆளுநரின் உறவினன். புரூக்கிடம் விருந்தில் தோன்றி மறையும் சிறு பாத்திரம். ஷேக்ஸ்பியர் அவனைச் சொல்விளையாட்டின் உருவமாக்கினார். அவன் சாகும் தறுவாயிலும் சிலேடை பேசுகிறான். தன்மையின் கனத்தையும் புதைகுழியையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல் அதற்கு உதவுகிறது. மொழிபெயர்க்க இயலாத இடம் என்று இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழில் 'அடக்கம்' என்னும் சொல் உள்ளது. அது பண்பையும் குறிக்கும். பிணத்தைப் புதைப்பதையும் குறிக்கும். வாழ்நாள் முழுதும் அடக்கம் அறியாத ஒருவன் நாளை அடக்கம் பெறுவான் என்பது மூலத்தின் சிரிப்பையும் துயரையும் ஒருங்கே தாங்கவல்லது.

7. உறவுப் பெயர்கள்

ஆங்கிலத்தில் 'கசின்' என்னும் ஒரு சொல் தமிழில் பல உறவுகளாகப் பிரியும். டிபால்ட் கபுலெட் சீமாட்டியின் உடன்பிறந்தான் மகன். எனவே ஜூலியட்டுக்கு அவன் தாய்மாமன் மகன். இவ்வாறு நேராகப் பெயர்த்தால் தமிழ் வாசகர் அவனை மணவுரிமை உடைய முறைமாப்பிள்ளையாகக் காண்பர். ரோமியோ மீது அவன் கொண்ட சினம் குடிமானம் பற்றியது என்பது மறைந்து, பெண் பற்றிய போட்டியாகத் திரியும். செவிலி அவன் சாவுக்கு அழுவதும், ஜூலியட் ஒரு கணம் ரோமியோவைப் பழிப்பதும் கூட வேறு நிறம் கொள்ளும். உறவைத் துல்லியமாகச் சொல்வதே பிழைக்கு வழியாகும் அரிய இடம் இது. 'உடன்பிறவா அண்ணன்' போன்ற பொதுமைச் சொல்லே இங்குப் பாதுகாப்பானது.

மாறாக, துல்லியம் தேவைப்படும் இடமும் உண்டு. கல்லறையில் பிள்ளைகளின் உடல்கள் கிடக்க, கபுலெட் மாண்டேகுவை உடன்பிறந்தான் என விளித்து, 'தௌ' வழங்கிக் கைநீட்டுகிறான். அக்கையே தன் மகளுக்குரிய சீர் என்கிறான். மாண்டேகுவும் 'தௌ'விலேயே விடையளிக்கிறான். ஆங்கில விளி இங்குக் கிறித்தவ உடன்பிறப்பையும் குறிக்கலாம்; மக்களின் மணத்தால் வந்த உறவையும் குறிக்கலாம். சீர் பற்றிய பேச்சு இரண்டாவதை வலியுறுத்துகிறது. தமிழில் இதற்கு 'சம்பந்தி' என்னும் நேர்ச்சொல் உள்ளது. அத்திருமணத்தைப் பெற்றோர் ஏற்கும் முதற்சொல்லும் கடைசிச்சொல்லும் அதுவே. 'சகோதரரே' என்பது சமரசத்தைக் காட்டும். 'சம்பந்தி' என்பது காலம் கடந்த ஏற்பைக் காட்டும். பின்னதே நாடகத்தின் துன்பத்துக்கு உரியது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இந்நாடகத்தின் பாத்திரங்கள் தத்தம் குணங்களால் மட்டுமன்றி, பிறரை அழைக்கும் முறையாலும், அம்முறையை மாற்றும் கணங்களாலும் அமைந்துள்ளமை பெறப்படும். ஜூலியட் 'யூ'விலிருந்து 'தௌ'வுக்குச் சென்று மீளாதவள். செவிலி 'தௌ'விலிருந்து 'யூ'வுக்கு மீண்டு தன்னைக் காத்துக்கொண்டவள். கபுலெட் ஒருமையில் சினந்து பன்மையில் துறந்தவன். பாரிஸ் பெறாத ஒருமையை எடுத்துக்கொண்டவன். மேடையில் உருவமே காட்டாத ரோசலினைப் பற்றி ரோமியோ எவ்வளவோ பேசியும் அது காதலாகாமைக்குக் காரணமும் இதுவே. அவளை முன்னிலையாக்கி அவன் பேசுவதையோ, அவள் மறுமொழி கூறுவதையோ நாம் கேட்பதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்னும் ஜூலியட்டின் வாதம் மொழியியலார் இடுகுறித்தன்மை என்று கூறுவதற்கு ஒப்பானது. அவ்வாதம் சரியே, ஆயினும் நாடகம் அவளைத் தோற்கடிக்கிறது. குறி இடப்பட்டதே ஆயினும் அதனை இட்ட சமுதாயம் அதற்காகக் கொல்லும். பெயரை மாற்ற இயலாத காதலர் முன்னிலைப் பெயரை மட்டுமே மாற்ற முடிந்தது. கல்லறையில் ஜூலியட்டின் அருகில் கிடக்கும் டிபால்ட்டின் உடலை நோக்கி ரோமியோ மன்னிப்பு வேண்டுகிறான். தெருவில் எவர்க்கும் விளங்காத அதே 'தௌ' அங்கும் வருகிறது. இம்முறை உறவுச்சொல்லும் உடன் வருகிறது. கேட்க வேண்டியவன் மட்டும் இல்லை.

ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இந்நாடகத்தைத் தொடங்குமுன், யார் யாரை எங்கு எவ்வாறு சுட்டுகின்றனர் என்று ஓர் அட்டவணை அமைத்துக்கொள்வது நன்று. எங்கு மாற்றம் பொருளுடையது, எங்கு அது யாப்பின் தேவை என்று முடிவு செய்த பின்னரே 'நீ', 'நீர்', 'நீங்கள்' ஆகியவற்றை வகுத்தல் வேண்டும். காட்சிதோறும் செவிக்கு இனியதைத் தேர்ந்துகொண்டு செல்லும் மொழிபெயர்ப்பில் தொடர்கள் நன்றாக அமையலாம். ஆனால் அதில் பேசுவோர் ஷேக்ஸ்பியர் படைத்த மாந்தராக இரார்.